வாயிலில் நின்ற யாழ்

திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த யாழ்க் கலைஞர். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர். திருஞானசம்பந்தர் ஊர் ஊராகச் சென்று பதிகம் பாடியபோது கூடவே இருந்து அவற்றை யாழில் வாசித்தவர். அவர் பிறந்த எருக்கத்தம்புலியூர் நடுநாட்டைச் சேர்ந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குத் தெற்கே, ராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரில் இருக்கிறது. அக்கோயிலின் தலமரம் வெள்ளெருக்கு. காட்டிலும் மேட்டிலும் யாரும் நடாமல் முளைக்கும் செடி ஓர் ஊருக்குப் பெயரும் ஒரு கோயிலுக்கு மரமும் ஆகியிருக்கிறது.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாகக் கீழிறங்கி, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்ந்து, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அந்த வெள்ளாற்றைத்தான் பெரிய புராணத்தில் சேக்கிழார் நிவா என்கிறார். பாணரின் பூர்வீகம் இந்த ஆற்றங்கரைதான். மலையடிவாரத்திலிருந்து ஆறு கூடும் இடம் வரையிலான இந்தச் சீமை, அவர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாணர்களின் காலடி பட்ட மண். பெண்ணையாற்றின் தென்கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கும் திருக்கோவிலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். இரவலருக்குத் தேரையே தூக்கிக் கொடுத்தவன் என்று சங்கப் புலவர் கபிலர் அவனைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வள்ளல் பாரியின் மகளை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டு, பெண்ணையாற்றில் உள்ள ஒரு கல்லில் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது.

சங்க காலத்துப் பாணனுக்கு அரசனின் வாசல் அடைக்கப்படவில்லை. பாணனுக்குப் பொன்னால் செய்த தாமரை, உடன் வந்த விறலிக்கு மாலை, வயிறாரச் சோறு, இவை பாட்டுக்குப் பாட்டு வருகின்றன. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே பாணரையும் பொருநரையும் கூத்தரையும் வழிநடத்த எழுந்தது. அவர்கள் வறியவர்கள்தான், சுற்றத்தோடு பசித்து நடந்தவர்கள்தான். ஆனாலும் வேந்தனின் நாளோலக்கத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது. யாழ்ப்பாணர் காலத்துக்குள் இந்த நிலை மாறிவிட்டது. அவர் கதை தொடங்குவதே ஒரு கோயில் வாயிலுக்கு வெளியேதான்.

அவரைப் பற்றித் தெரிவதெல்லாம் பெரும்பாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் வாய்மொழி. பெரிய புராணத்தில் பாணருக்கென்று தனியாக உள்ள பகுதி மிகச் சிறியது, பத்துப் பன்னிரண்டு பாடல்களில் முடிந்துவிடும். மற்ற செய்திகள் சம்பந்தரின் நீண்ட புராணத்துக்குள் ஆங்காங்கே கிடக்கின்றன. பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கை பாடகரின் வாழ்க்கைக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. தேடி எடுத்துக் கோத்தால் ஒரு முழு மனிதர் எழுந்து வருகிறார்.

அவர் தனியாக வரவில்லை. மனைவி மதங்கசூளாமணியார் உடன் வந்தார். அவர் பாடினி, கணவரின் யாழோடு இயைந்து பாடும் குரல் அவருடையது. இருவரும் தலந்தோறும் சென்று இசைத்து, பாண்டிய நாட்டில் மதுரைத் திருவாலவாய்க்கு வந்தார்கள். பாணர் குலத்தவர் என்பதால் உள்ளே செல்லவில்லை. வாயிலின் முன் நின்று வாசித்தார்கள். அன்றிரவு இறைவன் அடியார்களின் கனவில் தோன்றிப் பாணரை உள்ளே அழைத்து வரச் சொன்னதாகவும், மறுநாள் அவர்கள் அப்படியே செய்ததாகவும் சேக்கிழார் பாடுகிறார். சன்னதியில் தரையில் அமர்ந்து பாணர் வாசிக்கத் தொடங்கினார். அப்போது வானில் ஒரு குரல் எழுந்தது: தரையின் ஈரம் தாக்கினால் யாழ் நரம்பின் முறுக்குத் தளரும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். அற்புதங்கள் நிறைந்த நூலில் இது ஓர் அற்புதம் என்று கடந்துவிடலாம். ஆனால் அந்தக் குரல் பேசுவது தெய்வ ரகசியம் அல்ல, வாத்தியப் பராமரிப்பு. யாழின் தந்தி முறுக்கிக் கட்டிய நரம்பு. ஈரம் ஏறினால் அது நெகிழும், சுருதி இறங்கும், கலைஞர் வாசிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மழைக்காலக் கச்சேரியில் தம்புராவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் எவருக்கும் தெரிந்த தொல்லை இது. பாணருக்குக் கிடைத்த முதல் மரியாதை, அவர் கருவியின் கஷ்டம் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தார் என்பதே. மதுரையில் பாணருக்குப் பலகை இட்ட கதை திருவிளையாடற் புராணத்திலும் உண்டு. அங்கே பலகை பெறுபவர் பாணபத்திரர் என்னும் வேறொரு பாணர்.

அதே மதுரைக் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்றுதான் ஒடுக்கப்பட்ட சாதியினர் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல நுழைந்தார்கள். பாணர் பொற்பலகையில் அமர்ந்த கதை அதற்குள் எண்ணூறு ஆண்டுகளாகப் பாடப்பட்டு வந்திருந்தது.

மதுரையிலிருந்து திருவாரூர். அங்கேயும் வாயிலில் நின்று வாசித்தார். இம்முறை யாருடைய கனவும் இல்லை. அவருக்கென்று வடதிசையில் வேறொரு வாயில் திறந்தது, அதன் வழியே அவர் உள்ளே போனார் என்கிறார் சேக்கிழார். எல்லோரும் புகும் வாயில் அவருக்குத் திறக்கவில்லை என்பதையும் இந்தக் கதை மறைக்காமல் சொல்கிறது. சேக்கிழாரின் நேர்மையை மதிக்க இந்த ஓர் இடம் போதும். இதே காலப்பரப்பில் திருவரங்கத்தில் திருப்பாணாழ்வார், லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறித்தான் கோயிலுக்குள் போனார். ஒருவருக்கு வேறு வாசல், இன்னொருவருக்கு வேறொருவர் தோள். பாணர் குலத்துக் கலைஞர்கள் இருவரையும் சைவமும் வைணவமும் தத்தம் அடியார் வரிசையில் வைத்தன. இருவருக்கும் நேர்வழி மட்டும் இல்லை.

திருவாரூருக்குப் பின் சீர்காழி. உமையின் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கிய ஒரு குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பாணர் வந்தார். சம்பந்தருக்கு அப்போது உபநயனம்கூட ஆகவில்லை. பாணரோ நாடு சுற்றிப் பேர் பெற்றவர். பெரும்பாணர் என்பது சேக்கிழார் தரும் பெயர். சம்பந்தர் அவரைக் கோயிலின் புறமுன்றிலுக்கு அழைத்துச் சென்று வாசிக்கச் சொன்னார். கேட்டு மகிழ்ந்து, தங்க நல்ல இடமும் கொடுத்தார். பதிகங்களைக் கேட்டுக் கேட்டு யாழில் ஏற்றிய பாணர், இனி எப்போதும் கூடவே வந்து வாசிக்கும் வரம் ஒன்றைக் கேட்டுப் பெற்றார். அன்று தொடங்கிய சேர்க்கை சம்பந்தரின் பதினாறாம் வயதில் இருவரும் ஒன்றாக மறையும்வரை நீடித்தது.

சேர்ந்து போன முதல் பெரிய பயணம் பாணரின் சொந்தச் சீமைக்கு. தில்லையில் வழிபட்டபின், நிவாக் கரையிலுள்ள தலங்களையும் தரிசிக்க வேண்டும் என்று பாணர்தான் கேட்டுக்கொண்டார். ஆற்றோரமாக நடந்து எருக்கத்தம்புலியூரை நெருங்கியதும், அடியேன் பிறந்த ஊர் இது என்றார். சம்பந்தர் முகம் மலர்ந்து, ஐயர் நீர் பிறக்க இந்த ஊர் என்ன தவம் செய்ததோ என்று வியந்து, அந்தத் தலத்தின்மேல் பதிகம் பாடினார். அது முதல் திருமுறையில் இருக்கிறது. அந்தணச் சிறுவன் பாணரை ஐயர் என்று அழைக்கிறான். ஐயர் என்றால் அன்று தலைவர், மேலோர் என்று பொருள். இந்த ஒரு விளிச்சொல்லைச் சேக்கிழார் யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும். பின்னால் இன்னும் முக்கியமான ஓர் இடத்திலும் இதையே எடுக்கிறார்.

அங்கிருந்து முதுகுன்றம் என்னும் விருத்தாசலம், பெண்ணாகடம், நெல்வாயில் அரத்துறை. பிற்பாடு ஒரு பயணத்தில் திருக்கோவலூர் வீரட்டம், எதிர்க்கரையில் அறையணிநல்லூர்க் குன்று. அக்குன்றின் மேல் நின்றுதான் சம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு தொழுதார். மலையமானின் பழைய ஊருக்குள் ஒரு பாணர் மறுபடி யாழோடு வந்தார். இம்முறை பரிசில் கேட்டு அல்ல.

சாத்தமங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவ்வூர் அந்தணர் திருநீலநக்கர், வேள்வித் தீ அணையாத வீடு உடையவர். பாணரும் மனைவியும் இரவு தங்க இடம் தர வேண்டும் என்று சம்பந்தர் கேட்டார். நீலநக்கர் கொல்லையிலோ திண்ணையிலோ இடம் காட்டவில்லை. வீட்டின் நடுவில், வேள்விக் குண்டத்துக்குப் பக்கத்தில் படுக்கை கொடுத்தார். தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார். அது நல்ல நிமித்தம்.

பாணர் வாழ்க்கையின் உச்சம் தருமபுரத்தில். காரைக்காலுக்கு அருகிலுள்ள அவ்வூர் அவருடைய தாய் பிறந்த இடம். உறவினர்கள் திரண்டு வந்தார்கள். எங்கள் பாணர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று பெருமையாகப் பேசினார்கள். பாணர் நடுங்கிப் போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் என்று சம்பந்தரைக் கேட்டார். சம்பந்தர் பாடினார். பாணரின் விரல் நின்றுவிட்டது. இத்தனைக்கும் காரணம் இந்தக் கருவிதானே என்று யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, ஐயரே, அதை இப்படிக் கொடும் என்று கையில் வாங்கிக்கொண்டார். உமையொடு கூடிய இறைவனின் பெருமை இந்தக் கருவிக்குள் அளவுபடுமா, இதை முரிப்பானேன், வந்த அளவுக்கு வாசியும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதிகத்தின் பண்ணுக்கே யாழ்மூரி என்ற பெயர் நிலைத்தது. இன்றைய ஓதுவார்கள் அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

யாழ் ஏன் நின்றது? கருவியின் அமைப்பிலேயே விடை தேடலாம். பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கின்றன. கீழே பத்தர் என்னும் குடம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோல், அதிலிருந்து வளைந்து எழும் கோடு, பத்தருக்கும் கோட்டுக்கும் நடுவே நரம்புகள். கோட்டைச் சுற்றிய திவவு என்னும் வார்க்கட்டுகளை ஏற்றியிறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பேரியாழுக்கு 21, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று கணக்குச் சொல்கிறார். எளியதும் உண்டு: குமிழ மரத்தின் துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நாணாகக் கட்டி, காட்டில் மந்தை மேய்ப்பவன் தானே செய்துகொள்ளும் வில்யாழ். அதில் அவன் வாசிப்பது குறிஞ்சிப் பண். கல்வராயன் அடிவாரம் போன்ற மேய்ச்சல் காடுகளில் பிறந்த கருவி அது.

பெரியதோ சிறியதோ, ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். வயலினில் விரலை நகர்த்தினால் போதும். யாழில் அது முடியாது. குரல் சுரங்களுக்கு இடையே உள்ள வெளியில் அசைந்து குழைந்து போகத் தொடங்கினால், யாழ் கரையில் நின்றுவிடும். தருமபுரத்தில் நடந்தது இதுவே என்று இசை ஆய்வாளர் சிலர் விளக்குவது பொருத்தமாகப் படுகிறது. சம்பந்தரின் பாடல்களிலேயே வீணையும் இடம்பெறுகிறது. அடுத்து வர வேண்டிய கருவி அப்போதே வந்துவிட்டது. ஆக, பாணர் ஓங்கிய கையில் இருந்தது ஒரு மனிதரின் வெட்கம் மட்டுமல்ல. அவர் கை வைத்த கருவியின் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது.

உறவினர்கள் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இசை யாருடையது, இயற்றியவருக்கா, வாசித்தவருக்கா? இது தருமபுரத்தோடு தீரவில்லை. ஹங்கேரியில் யானோஷ் பிஹாரி (1764–1827) என்று ஒரு வயலின் கலைஞர் இருந்தார். ரோமா இனத்தவர், அம்மக்களின் மொழியே அவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்குச் சான்று. ஊர் ஊராக வண்டியில் போய் வாசித்த குழு அவருடையது. பிஹாரிக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. அவர் வாசித்தவற்றைப் பிறர்தான் எழுதி வைத்தார்கள். 1824-ல் வண்டி விபத்தில் இடக்கை அடிபட்டு அவர் வாசிப்பு ஓய்ந்தது. சிறுவனாக அவரைக் கேட்டு மயங்கிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட், 1859-ல் வெளியிட்ட நூலில் ஹங்கேரிய இசை எனப்படுவது ரோமாக்கள் படைத்ததே என்று எழுதினார். ஹங்கேரியர்கள் கொதித்துப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசையமைப்பாளர்கள் பேலா பார்ட்டோக்கும் சோல்டான் கோடாயும் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர் பாட்டுகளைத் திரட்டி, ஹங்கேரிய இசையின் வேர் வேறு என்று காட்டினார்கள். தருமபுரத்து உறவினர்கள் பேசியதும் லிஸ்ட் எழுதியதும் ஒரே வாதம்தான். வேறுபாடு ஒன்று: அதைக் கேட்டு முதலில் துடித்தவர் பாணரே.

ஆனாலும் உறவினர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. அது வெளிப்பட முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்தன்று எழுந்த பேரொளியில் சூழ இருந்தோர் அனைவரும் புகுந்தார்கள். திருநீலநக்கரும் முருக நாயனாரும் பாணரும் மதங்கசூளாமணியாரும் அவர்களோடு. இவர்கள் எல்லோருக்கும் குருபூசை ஒரே நாள், வைகாசி மூலம். அடுத்து வந்த சுந்தரர் அடியார்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் திருத்தொண்டத்தொகை பாடினார். சுந்தரர் பிறந்த திருநாவலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொகையின் கடைசிப் பாட்டில் அவர் பெயர்களை வைத்த வரிசையைக் கவனிக்க வேண்டும். உலகாண்ட சோழன் கோச்செங்கணான், அவனுக்கு அடுத்துப் பாணர், பாணருக்கு அடுத்துத் தம்முடைய தந்தை சடையனார், தாய் இசைஞானியார். பேரரசனுக்கும் தம் பெற்றோருக்கும் நடுவில் பாணருக்கு இடம். வாயிலில் நின்றவருக்குச் சுந்தரர் கொடுத்த இடத்தைவிட நெருக்கமான இடம் வேறு இருக்க முடியாது.

பின்னர் பதிகங்கள் வழக்கொழிந்தன. ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் கிடந்து கறையான் அரித்தன. அவற்றை மீட்ட கதையைப் பதினான்காம் நூற்றாண்டு உமாபதி சிவத்தின் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மீட்ட அரசன் முதலாம் இராசராசன் (985–1014) என்று பெரும்பாலோர் கொள்வர். நம்பியாண்டார் நம்பி எஞ்சியவற்றைத் தொகுத்தார். சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. ஏட்டில் பண்ணின் பெயர் இருக்கலாம்; அது எப்படி ஒலிக்கும் என்பதை ஏடு சொல்லாது. அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். அங்கே பாணரின் மரபில் வந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பாடச் சொல்லித்தான் பதிகங்களுக்குப் பண் முறை வகுத்தார்கள் என்கிறது அந்நூல். அவள் பெயரை அது சொல்லவில்லை. இறைவன் அவளுக்குப் பண்ணை அருளினார் என்று மட்டும் சொல்கிறது. அருளோ பயிற்சியோ, கோயில் இழந்ததைப் பாணர் வீடு வைத்திருந்தது. மதங்கசூளாமணியாரின் குரல் தாயிடமிருந்து மகளுக்கு, மருமகளுக்கு என்று வந்து சேர்ந்த இடமாக அவளை நினைப்பதில் தவறில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். அந்த ஐம்பது பேரில் யாழுக்கு ஆள் இல்லை. பண் முறை பிற்பாடு ஓதுவார்களிடம் நிலைபெற்றது. கொல்லிப் பண் நவரோசாக, நட்டபாடை கம்பீர நாட்டையாக, பழம்பஞ்சுரம் சங்கராபரணமாக இன்று ஒலிக்கின்றன. பாணர் குலம் எங்கெங்கோ சிதறியது. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பாணர் எனப்படுவோர் தையல் தொழில் செய்ததாக எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பில் பதிவு இருக்கிறது. கேரளத்துப் பாணர்கள் கர்க்கடக மாதத்து விடியலில் வீட்டு வாசல்களில் துயிலுணர்த்துப் பாடினார்கள்.

யாழோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிற்பங்களில் அதன் வடிவம் தெரியும், பாட்டுகளில் அதன் உறுப்புகளின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. ஈழத்தின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதைக் கணக்கிட்டே மீட்கப் பார்த்தார். நரம்புகளின் எண், சுரங்களின் இடைவெளி, பண்களின் அமைப்பு, தேவார இசை என்று பல ஆண்டு உழைத்து எழுதிய யாழ் நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நாடகம் பற்றி அவர் முன்பு எழுதிய நூலுக்கு 1926-ல் அவர் இட்ட பெயர் மதங்க சூளாமணி.

தருமபுரத்துப் பதிகத்தை இன்று பாடும் ஓதுவாரின் கையில் தாளம் இருக்கும். மேடையென்றால் பக்கத்தில் வயலின் இருக்கும். அடாணாவின் வளைவுகளை வயலின் ஓரிடத்திலும் தயங்காமல் தொடர்ந்து வாசித்துவிடுகிறது.